சுகர் மாத்திரை: நாம் எதற்குப் பயப்பட வேண்டும்?

ஏற்காட்டு மலையில் எங்கள் செம்மநத்தத்தில் எந்த வீட்டு வாசலில் உட்கார்ந்து பேசினாலும், பேச்சு சர்க்கரை நோய்ப் பக்கம் திரும்பியதும் முதலில் வருகிற கேள்வி இதுதான்: "இந்த சுகர் மாத்திரையைத் தின்னா கிட்னி போயிரும்ங்கறாங்களே, நெசந்தானா?" கேட்பவர் அதோடு நிறுத்த மாட்டார். யாரோ ஒருவர் பல வருஷம் மாத்திரை சாப்பிட்ட கதையும், கடைசியில் அவர் டயாலிசிஸுக்கு சேலம் இறங்கி அலைந்த கதையும் கூடவே வரும். அந்தப் பயத்தில் மாத்திரையைப் பாதியாக உடைத்துப் போடுகிறவர்கள் எங்கள் மலையில் இருக்கிறார்கள். ஒரு நாள் விட்டு ஒரு நாள் போடுகிறவர்களும், அடியோடு நிறுத்திவிட்டுப் பாகற்காய்ச் சாற்றை நம்பி இருக்கிறவர்களும் உண்டு.

"மாத்திரை போட்டுட்டுச் சோறு திங்காம இருந்தா என்ன ஆகும்?" என்று மட்டும் யாரும் கேட்பதில்லை. இந்த மலையில் ஆளை உடனே சாய்க்கக்கூடியது அதுதான். கிட்னியைப் பற்றிய பயம் வீடு வீடாகப் போய்ச் சேர்ந்திருக்கிறது. உண்மையான எச்சரிக்கை மட்டும் வந்து சேரவில்லை. அதைப் பற்றித்தான் இந்தப் பதிவு.

நான் மருத்துவன் இல்லை. வீட்டுப் பெரியவர்களுக்கு மாத்திரை எடுத்துக் கொடுக்கிறவன். அந்தப் பொறுப்பு வந்த பிறகு தேடிப் படித்ததையும், மருத்துவர்களிடம் கேட்டுத் தெரிந்துகொண்டதையும் எழுதுகிறேன். இதில் எதைப் படித்துவிட்டும் யாரும் தாமாக மாத்திரையை நிறுத்தவோ, அளவை மாற்றவோ கூடாது. சர்க்கரையைக் கவனிக்காமல் விட்டால் கண், கால், இதயம், சிறுநீரகம் எல்லாம் கெடும். மாத்திரையின் ஆபத்து அதைவிடச் சிறியது. ஆனால் சிறியதும் ஆபத்துதான். அதன் பெயரும் அடையாளமும் நமக்குத் தெரிந்திருக்க வேண்டும்.

கிட்னி பயம் எங்கிருந்து வந்தது?

நம் ஊரில் பெரும்பாலோர் சாப்பிடுவது மெட்ஃபார்மின். 1957ல் பிரான்ஸில் ஜான் ஸ்டெர்ன் என்ற மருத்துவர் இதை நோயாளிகளுக்குக் கொடுத்துப் பார்த்து எழுதினார். அதே குடும்பத்தில் ஃபென்ஃபார்மின் என்று இன்னொரு மருந்து இருந்தது. அது ரத்தத்தில் லாக்டிக் அமிலத்தைச் சேர்த்து ஆட்களைக் கொன்றது. அமெரிக்கா 1977லேயே அதை நிறுத்தியது. இந்தியாவில் 2003ல்தான் தடை வந்தது.

மெட்ஃபார்மின் அவ்வளவு கொடியது அல்ல. அதனால் லாக்டிக் அமிலம் ஏறுவது மிக அரிது. ஆனால் ஒரு விஷயம் உண்டு. இந்த மருந்து உடலுக்குள் சிதைவதில்லை. உள்ளே போனபடியே சிறுநீரகம் வழியாக வெளியேறுகிறது. சிறுநீரகம் பலவீனமானால் மருந்து வெளியேற வழியில்லாமல் தேங்கும். தேங்கினால் அந்த அமில ஆபத்து வரும். அதனால்தான் ரத்தப் பரிசோதனைச் சீட்டில் சிறுநீரகத்தின் திறனைக் காட்டும் ஈ.ஜி.எஃப்.ஆர் என்ற அளவைப் பார்க்கிறார்கள். அது 30க்குக் கீழே போனால் மெட்ஃபார்மின் கூடாது. 30க்கும் 45க்கும் நடுவில் இருந்தால் புதிதாகத் தொடங்குவதில்லை. ஏற்கெனவே சாப்பிடுகிறவருக்கு அளவைக் குறைப்பது பற்றி யோசிப்பார்கள். அமெரிக்க உணவு மற்றும் மருந்து நிர்வாகம் 2016ல் இந்த எல்லைகளைத் தெளிவாக வகுத்துச் சொன்னது.

இப்போது ஊர்ப்பேச்சுக்கு வருவோம். பல வருஷச் சர்க்கரையால் சிறுநீரகம் மெல்லக் கெடுகிறது. கெட்டது தெரிந்ததும் மருத்துவர் மெட்ஃபார்மினை நிறுத்துகிறார். ஏன் நிறுத்தினார் என்று யாரும் விளக்கிச் சொல்வதில்லை. வீட்டார் கண்ணுக்குத் தெரிவது இவ்வளவுதான்: மாத்திரை சாப்பிட்டார், கிட்னி போனது, டாக்டரே மாத்திரையை நிறுத்தினார். பழி மாத்திரை மேல் விழுந்துவிடுகிறது. 1998ல் வெளியான பிரிட்டனின் யு.கே.பி.டி.எஸ் ஆய்வில், உடல் எடை கூடிய சர்க்கரை நோயாளிகளில் மெட்ஃபார்மின் சாப்பிட்டவர்களிடம் மாரடைப்பும் மரணமும் குறைந்திருந்தன. அப்படிப்பட்ட மாத்திரையை வதந்திக்குப் பயந்து நிறுத்துவது பெரிய இழப்பு.

மெட்ஃபார்மினில் நாம் உண்மையாகக் கவனிக்க வேண்டிய நாட்கள் சில உண்டு. வயிற்றுப்போக்கும் வாந்தியும் நிற்காமல் போய் உடலில் தண்ணீர் வற்றும் நாள். அளவில்லாமல் சாராயம் குடித்த நாள். ரத்தக்குழாயில் மருந்து செலுத்தி சி.டி. ஸ்கேன் எடுக்கப் போகும் நாள். அந்த நாட்களில் "நான் மெட்ஃபார்மின் சாப்பிடுகிறேன், இன்று போடலாமா?" என்று கேட்டே ஆக வேண்டும். காரணம் தெரியாத அசதி, வயிற்று வலி, குமட்டல், அதோடு வேகமாகவும் ஆழமாகவும் மூச்சு வாங்குவது என்றால் வீட்டில் காத்திருக்கக் கூடாது.

மெதுவாக வருகிற இன்னொரு கேடும் உண்டு. பல வருஷம் மெட்ஃபார்மின் சாப்பிட்டால் வைட்டமின் பி12 குறையலாம். கால் மரத்துப் போகும், எரியும், நடை தள்ளாடும். எல்லாம் சர்க்கரையால்தான் என்று விட்டுவிடுவோம். ஒரு ரத்தப் பரிசோதனையில் தெரிந்துவிடும். ஊசியாலோ மாத்திரையாலோ சரி செய்யவும் முடியும். இறைச்சி, மீன், முட்டை, பால் குறைவாகச் சாப்பிடுகிறவர்கள் இதைக் கட்டாயம் கேட்க வேண்டும்.

சுகர் இறங்குவது

உயிர் போகும் அவசரம் இங்கேதான். கிளைபென்கிளமைடு, கிளிமிபிரைடு, கிளிபிசைடு, கிளிக்ளசைடு என்று ஒரு கூட்டம் மாத்திரைகள் உண்டு. இவை கணையத்தைத் தூண்டி இன்சுலினைச் சுரக்க வைக்கின்றன. நாம் சாப்பிட்டோமா இல்லையா என்று மாத்திரைக்குத் தெரியாது. வயிறு காலியாக இருந்தாலும் இன்சுலின் சுரக்கும், ரத்தத்தில் சர்க்கரை சரியும். 70க்குக் கீழே போனால் தாழ்சர்க்கரை. 54க்குக் கீழே போனால் ஆபத்து. மூளைக்குச் சர்க்கரை போதாமல் பேச்சு குழறும், நினைவு தப்பும், வலிப்பு வரும்.

காபிப் பழம் பறிக்கிற காலத்தில் என் பெரியம்மாவுக்கு இது நடந்தது. காலையில் எஸ்டேட்டுக்குக் கிளம்பும் அவசரத்தில் மாத்திரையைப் போட்டுக்கொண்டு, ஒரு டம்ளர் காபியோடு போய்விட்டார். களியை எடுத்துப் போனவர், மூட்டை நிறையட்டும் அப்புறம் சாப்பிடலாம் என்று தள்ளிப் போட்டிருக்கிறார். பத்து மணிவாக்கில் கூடப் பறித்தவர்கள் கூப்பிட்டால் சம்பந்தமில்லாமல் பதில் சொன்னார். கை நடுங்கியது. "குளுருக்கு நடுங்குது கண்ணு, ஒண்ணுமில்ல" என்று அவரே சொல்லியிருக்கிறார். பக்கத்தில் இருந்த அக்கா ஒருவர்தான் அவர் முதுகைத் தொட்டுப் பார்த்து, ரவிக்கை நனைந்து கிடப்பதைக் கண்டு, வெல்லம் கரைத்துக் குடிக்க வைத்திருக்கிறார். அந்த அக்காவின் புத்தியால் பெரியம்மா பிழைத்தார்.

இதில் மலைக்காரர்களுக்கு ஒரு பாடம் இருக்கிறது. சமவெளியில் வேர்ப்பது சாதாரணம். மார்கழிக் குளிரில் ஏற்காட்டு மலையில் ஒருவருக்கு வேர்த்துக் கொட்டினால் அது சாதாரணம் இல்லை. சர்க்கரை நோயாளி குளிரில் வேர்த்தால், நடுங்கினால், திடீரென்று எரிந்து விழுந்தால், தடுமாறிப் பேசினால், முதல் சந்தேகம் தாழ்சர்க்கரை மேல் வர வேண்டும். பேய், காற்று, குடிபோதை, பக்கவாதம் என்று நேரத்தைக் கடத்தக் கூடாது. ரத்த அழுத்தத்துக்கும் இதயத்துக்கும் சிலர் சாப்பிடும் அட்டெனோலால், ப்ரொப்ரனோலால் போன்ற மாத்திரைகள் படபடப்பையும் நடுக்கத்தையும் மறைத்துவிடும். அவர்களுக்கு வேர்வை மட்டுமே அடையாளமாக மிஞ்சலாம்.

செய்ய வேண்டியது இது. நினைவு இருந்தால் உடனே மூன்று, நான்கு டீஸ்பூன் சர்க்கரை அல்லது குளுக்கோஸ் பொடியைத் தண்ணீரில் கரைத்துக் குடிக்கக் கொடுங்கள். கால் மணி நேரத்தில் தெளியவில்லை என்றால் மறுபடியும் கொடுங்கள். தெளிந்ததும் சோறோ இட்லியோ சாப்பிட வையுங்கள். நினைவு இல்லாதவர் வாயில் எதையும் ஊற்றாதீர்கள், மூச்சுக்குழாயில் இறங்கிவிடும். அவரை ஒருக்களித்துப் படுக்க வைத்து 108ஐக் கூப்பிடுங்கள்.

வோக்லிபோஸ், அகார்போஸ் மாத்திரை சாப்பிடுகிறவர்களுக்குச் சாதாரணச் சர்க்கரை சீக்கிரம் வேலை செய்யாது. அந்த மாத்திரை குடலில் சர்க்கரை உடைவதைத் தடுக்கும். அவர்களுக்கு குளுக்கோஸ் பொடிதான் வேண்டும். வீட்டில் ஒரு பொட்டலம் எப்போதும் இருக்கட்டும்.

தெளிந்துவிட்டார் என்று அதோடு விட்டுவிடவும் கூடாது. கிளைபென்கிளமைடு உடம்பில் நீண்ட நேரம் நிற்கும். சர்க்கரை கொடுத்து எழுந்து உட்கார்ந்தவர் சில மணி நேரம் கழித்து, பெரும்பாலும் தூக்கத்தில், மறுபடி மயங்கலாம். வயதானவர்கள், சிறுநீரகம் பலவீனமானவர்கள் என்றால் இது இன்னும் நீளும். அதனால்தான் இப்படி மயங்கியவர்களை ஒரு நாளாவது மருத்துவமனையில் வைத்துப் பார்ப்பார்கள். "அதான் சரியாயிட்டாங்களே, வீட்டுக்குக் கூட்டிட்டுப் போறோம்" என்று அடம்பிடிக்காதீர்கள். இரவில் மலைப்பாதையில் மறுபடி இறங்கி வர நேரம் இருக்காது. உலக சுகாதார நிறுவனத்தின் அத்தியாவசிய மருந்துப் பட்டியல் 60 வயதைத் தாண்டியவர்களுக்குக் கிளைபென்கிளமைடு ஏற்றதல்ல என்று குறித்திருக்கிறது. உங்கள் வீட்டில் 60ஐத் தாண்டியவர் இதைச் சாப்பிடுகிறார் என்றால் அடுத்த முறை போகும்போது மருத்துவரிடம் கேளுங்கள்.

இந்த மாத்திரையின் வலிமை எவ்வளவு என்பதற்கு சிங்கப்பூரில் 2008ல் நடந்ததைச் சொல்ல வேண்டும். ஆண்மைக்கு என்று திருட்டுத்தனமாக விற்ற மாத்திரைகளில் கிளைபென்கிளமைடு கலந்திருந்தது. அந்த ஆண்டின் முதல் ஐந்து மாதங்களில் சர்க்கரை நோயே இல்லாத 150 பேர் கடுமையான தாழ்சர்க்கரையோடு அரசு மருத்துவமனைகளில் சேர்ந்தார்கள். நான்கு பேர் இறந்தார்கள். "மூலிகைதான், பக்கவிளைவே இல்லை" என்று பொட்டலத்தில் வரும் பெயர் தெரியாத சுகர் பொடியை வாங்கும்போது இதை நினைத்துக்கொள்ளுங்கள். ஒரே வாரத்தில் சர்க்கரை மளமளவென்று இறங்கினால் உள்ளே என்ன கலந்திருக்கிறது என்று சந்தேகப்படுங்கள்.

சாதாரணக் காய்ச்சலுக்கும் சிறுநீர்த் தொற்றுக்கும் கொடுக்கும் சில மருந்துகளும் இந்த மாத்திரையோடு சேர்ந்து சர்க்கரையை இறக்கும். லெவோஃப்ளாக்சசின், சிப்ரோஃப்ளாக்சசின் வகை மருந்துகளால் சர்க்கரை இறங்கிக் கோமா வரை போகலாம் என்று 2018ல் அமெரிக்காவில் எச்சரிக்கையைக் கடுமையாக்கினார்கள். கோட்ரைமாக்சசோலும் இந்த வரிசையில் உண்டு. மெடிக்கலில் போய் நீங்களே கேட்டு வாங்காதீர்கள். எந்த மருத்துவரிடம் போனாலும் சுகர் மாத்திரையின் பெயரை முதலில் சொல்லுங்கள்.

இன்சுலின் போடுகிறவர்களுக்கு ஒரு வார்த்தை. நம் நாட்டில் குப்பியில் வரும் இன்சுலின் பெரும்பாலும் மில்லிக்கு 40 யூனிட். 100 யூனிட் குப்பியும் உண்டு. 40க்கான சிரிஞ்சு மூடி சிவப்பு. 100க்கான சிரிஞ்சு மூடி ஆரஞ்சு. 100 யூனிட் இன்சுலினைச் சிவப்பு மூடிச் சிரிஞ்சில் அதே கோடு வரை இழுத்தால் இரண்டரை மடங்கு மருந்து உடம்பில் ஏறிவிடும். கடையில் மாற்றிக் கொடுத்தால் வாங்காதீர்கள்.

2013ல் வந்த சிவப்புக் கட்டம்

அரசு எச்சரிக்கையே செய்யவில்லையா என்று கேட்கலாம். செய்தது. 2013 ஜூன் 18 அன்று மத்திய சுகாதார அமைச்சகம் பயோகிளிட்டசோன் என்ற சுகர் மருந்தின் தயாரிப்பையும் விற்பனையையும் நிறுத்தி வைத்தது. சிறுநீர்ப்பைப் புற்றுநோய் வரலாம் என்ற சந்தேகம் காரணம். பிரான்ஸ் 2011லேயே அதை நிறுத்தியிருந்தது. அதன் உறவு மருந்தான ரோசிகிளிட்டசோன் மாரடைப்புச் சந்தேகத்தால் 2010ல் இந்தியாவில் தடையாகியிருந்தது.

பயோகிளிட்டசோன் விலை குறைவு; இங்கே லட்சக்கணக்கானோர் சாப்பிட்டுக்கொண்டிருந்தார்கள். திடீரென்று நிறுத்தினால் ஏழைகள் என்ன செய்வார்கள் என்று மருத்துவர்கள் கேட்டார்கள். மருந்துத் தொழில்நுட்ப ஆலோசனை வாரியம் கூடிப் பேசியது. ஜூலை 31 அன்று தடை நீங்கியது. ஆனால் நிபந்தனைகளோடு. முதல் மருந்தாக இதைத் தொடங்கக் கூடாது. சிறுநீர்ப்பைப் புற்றுநோய் இருப்பவருக்கும், முன்பு இருந்தவருக்கும், காரணம் கண்டுபிடிக்காமல் சிறுநீரில் ரத்தம் போகிறவருக்கும் கொடுக்கக் கூடாது. இந்த எச்சரிக்கைகளைத் தடித்த சிவப்பு எழுத்தில், கட்டம் கட்டி, மருந்தோடு வரும் காகிதத்தில் அச்சடிக்க வேண்டும்.

புற்றுநோய் விஷயத்தில் ஆய்வுகள் இன்னும் ஒரே குரலில் பேசவில்லை. 2015ல் வந்த பெரிய அமெரிக்க ஆய்வில் ஆபத்து உறுதிப்படவில்லை. 2016ல் வந்த பிரிட்டன் ஆய்வில் ஆபத்து கூடுதலாகத் தெரிந்தது. இதயம் பற்றிச் சந்தேகமே இல்லை: இந்த மருந்து உடலில் நீரைத் தேக்கும். இதயம் பலவீனமானவருக்குக் கால் வீங்கி, எடை ஏறி, படுத்தால் மூச்சு முட்டும். பெண்களுக்கு எலும்பு முறிவும் கூடுகிறது.

ஆக, எச்சரிக்கை அச்சாகிவிட்டது. அது யாரிடம் போனது? மருந்துக்கடைக்கு வரும் பெட்டியில் பல அட்டைகளோடு அந்தக் காகிதம் மடித்துக் கிடக்கிறது. நாம் பத்து மாத்திரை கேட்கிறோம். கடைக்காரர் ஓர் அட்டையை எடுத்து, தேவைப்பட்டால் கத்தரியால் பாதி வெட்டி, காகித உறையில் போட்டுத் தருகிறார். சிவப்புக் கட்டம் கடையிலேயே நின்றுவிடுகிறது. நம் கைக்கு வந்தாலும் பொடி எழுத்தில் ஆங்கிலம். 2023 ஆகஸ்ட் முதல் நாட்டில் அதிகம் விற்கும் 300 மருந்துகளின் மேலுறையில் கியூ.ஆர் கோடு கட்டாயமாயிற்று. அதை ஸ்கேன் செய்தால் வருவது தயாரித்த நிறுவனம், தொகுதி எண், காலாவதி தேதி, உரிம எண். போலி மருந்தைப் பிடிக்க அது உதவும். பக்கவிளைவைச் சொல்ல வேண்டும் என்று சட்டம் கேட்கவில்லை.

2023ல் வெளியான இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கவுன்சிலின் கணக்குப்படி நாட்டில் 10 கோடிக்கும் மேற்பட்டவர்களுக்குச் சர்க்கரை நோய் இருக்கிறது. தமிழ்நாட்டில் வயது வந்தோரில் 14.4 சதவீதம். இத்தனை பேர் தினமும் விழுங்கும் மாத்திரையின் எச்சரிக்கை அவர்கள் படிக்கிற மொழியில் இல்லை என்பது எனக்குத் தாங்க முடியாத விஷயமாக இருக்கிறது.

புது மாத்திரைகளின் ஏமாற்று

டாபாகிளிஃப்ளோசின், எம்பாகிளிஃப்ளோசின் என்று 'ஃப்ளோசின்' என முடியும் மாத்திரைகளை இப்போது நிறைய எழுதுகிறார்கள். 2020ல் ஒன்றுக்கும் 2025ல் மற்றொன்றுக்கும் காப்புரிமை முடிந்ததால் விலை நன்றாக இறங்கி, மலைவாசிகளுக்கும் எட்டியிருக்கிறது. இதயத்துக்கும் சிறுநீரகத்துக்கும் இவை செய்யும் நன்மை உண்மையானது. இவை சர்க்கரையைச் சிறுநீர் வழியாக வெளியே தள்ளுகின்றன. அதனால் பிறப்புறுப்பில் அரிப்பும் பூஞ்சைத் தொற்றும் வரலாம். கூச்சப்பட்டுச் சொல்லாமல் இருக்காதீர்கள். அந்த இடத்தில் வலி, சிவப்பு, வீக்கம், கூடவே காய்ச்சல் என்றால் அன்றே மருத்துவமனை. சதையை அழுகச் செய்யும் அரிய தொற்று ஒன்றைப் பற்றி 2018ல் அமெரிக்காவில் எச்சரித்திருக்கிறார்கள்.

இதைவிட நயவஞ்சகமானது கீட்டோன் அமிலம் ஏறுவது. 2015ல் இதற்கான எச்சரிக்கை வந்தது. வழக்கமாக இந்த நிலையில் சர்க்கரை 400, 500 என்று காட்டும். வீட்டார் பதறி ஓடுவார்கள். இந்த மாத்திரை சாப்பிடுகிறவருக்குச் சர்க்கரை 180, 200 என்று காட்டிக்கொண்டே அமிலம் ஏறும். குளுக்கோமீட்டரைப் பார்த்து "சுகர் நல்லாத்தான் இருக்கு, வாயுவா இருக்கும்" என்று படுக்க வைத்துவிடுவோம். வாந்தி, வயிற்று வலி, மூச்சு வாங்குதல், மிகுந்த அசதி இவற்றோடு ஃப்ளோசின் மாத்திரையும் சேர்ந்தால் குளுக்கோமீட்டரை நம்பாதீர்கள். ரத்தத்தில் கீட்டோன் பார்க்கச் சொல்லிக் கேளுங்கள். விரதம், சோற்றை அடியோடு விட்ட உணவுமுறை, வயிற்றுப்போக்கு, காய்ச்சல், அளவு மீறிய குடி, இன்சுலினைக் குறைத்தது எல்லாம் இதைக் கிளப்பிவிடும். அறுவைச் சிகிச்சை என்றால் மூன்று நாள் முன்பே இதை நிறுத்த வேண்டும். அறுப்பவர் மறந்தாலும் நீங்கள் நினைவூட்டுங்கள்.

எடை குறைக்கவும் சர்க்கரைக்கும் 2025ல் இங்கே வந்த டிர்செபடைடு போன்ற வாராந்திர ஊசிகளுக்கும் எச்சரிக்கை உண்டு. குடும்பத்தில் மெடுல்லரி என்ற வகைத் தைராய்டு புற்றுநோய் இருந்தால் கூடாது. முதுகுவரை போகும் கடுமையான வயிற்று வலி வந்தால் கணைய அழற்சியாக இருக்கலாம். பக்கத்து வீட்டுக்காரர் இளைத்தார் என்று பார்த்து வாங்கிப் போடுகிற பொருள் இல்லை அது.

இரண்டு இடத்து மாத்திரை

2021 ஆகஸ்ட் 5 அன்று கிருஷ்ணகிரி மாவட்டம் சாமனப்பள்ளியில் தொடங்கிய மக்களைத் தேடி மருத்துவம் மலைக்கிராமங்களுக்குச் செய்தது பெரிய உதவி. நடக்க முடியாத முதியவர் வீட்டுக்கே பெண் தன்னார்வலர் வந்து சர்க்கரையும் அழுத்தமும் பார்த்து மாத்திரை தருகிறார். 2024ல் ஐக்கிய நாடுகள் அமைப்பின் விருதும் இந்தத் திட்டத்துக்குக் கிடைத்தது. அது தகுதியான விருது.

ஆனால் நம் ஆட்கள் அந்த மாத்திரையையும் வாங்கிக்கொள்வார்கள். சேலத்தில் மகன் கூட்டிப் போன தனியார் மருத்துவர் எழுதியதையும் சாப்பிடுவார்கள். இரண்டு அட்டையின் பெயரும் நிறமும் வேறு. உள்ளே இருப்பது ஒரே கிளிமிபிரைடாக இருக்கலாம். அப்படியென்றால் மருந்து இரட்டிப்பு. தனியார் மாத்திரைகளில் இரண்டு மூன்று மருந்தை ஒன்றாகச் சேர்த்திருப்பார்கள். பெரிய எழுத்தில் இருக்கும் வணிகப் பெயரைப் பார்க்காதீர்கள். அதன் அருகே சின்னதாக இருக்கும் மருந்துப் பெயர்களைப் பாருங்கள். ஆங்கிலம் படிக்கிற பள்ளிப் பிள்ளை வீட்டில் இருந்தால் போதும். எல்லா அட்டையையும் பரப்பி வைத்து ஒரே பெயர் இரண்டு இடத்தில் வருகிறதா என்று பார்க்கச் சொல்லுங்கள்.

கேட்டு வாங்குங்கள்

ஒவ்வொரு மாத்திரைக்கும் மருத்துவரிடமோ நர்ஸம்மாவிடமோ இந்தக் கேள்விகளைக் கேளுங்கள். இதனால் சுகர் திடீரென்று இறங்குமா? சாப்பிட முடியாத நாளில், வாந்தி பேதியான நாளில் இதைப் போடலாமா? என் கிட்னி அளவு இப்போது எவ்வளவு, அதற்கு இந்த அளவு சரியா? எந்த அறிகுறி வந்தால் உடனே ஓடி வர வேண்டும்? பதிலைத் தமிழில் ஒரு தாளில் எழுதி மாத்திரை டப்பாவுக்குள் ஒட்டி வையுங்கள். சாப்பிட முடியாத நாள் பற்றிய பதில் ஆளுக்கு ஆள் மாறும். முக்கியமாக, இன்சுலினை முழுவதுமாக நிறுத்துவது சில பேருக்கு உயிராபத்து. அதனால் உங்களுக்கான பதிலை உங்கள் மருத்துவரிடமே கேட்க வேண்டும்.

பக்கவிளைவு என்று சந்தேகம் வந்தால் சொல்ல ஓர் இடம் இருக்கிறது. இந்திய மருந்தியல் கண்காணிப்புத் திட்டம் 2010ல் தொடங்கியது. 1800 180 3024 என்ற கட்டணமில்லா எண்ணில் நோயாளியே புகார் சொல்லலாம். தமிழிலும் படிவம் உண்டு. பயோகிளிட்டசோன் விவகாரத்தில் இந்தியாவிலிருந்து போதிய தரவு இல்லாமல் தடை போட்டார்கள், பிறகு எடுத்தார்கள். நாம் சொல்லாவிட்டால் அடுத்த மருந்துக்கும் அதே நிலைதான்.

அரசுக்கு ஒரு வேண்டுகோள். மக்களைத் தேடி மருத்துவத்தில் மாத்திரை போட்டுத் தரும் உறையில் இரண்டே வரி தமிழில் அச்சடியுங்கள்: "சாப்பிடாமல் இந்த மாத்திரையைப் போடாதீர்கள். வேர்வை, நடுக்கம், மயக்கம் வந்தால் உடனே சர்க்கரை கரைத்துக் குடியுங்கள்." செலவு மிகக் குறைவு. செம்மநத்தத்திலும் நாகலூரிலும் வெள்ளக்கடையிலும் அதைப் படிக்க ஆள் இருக்கிறார்கள்.

அந்த வரி அச்சாகும் வரை நாம் காத்திருக்க வேண்டாம். இதைப் படித்தவர்கள் இன்றே வீட்டுப் பெரியவரின் மாத்திரை டப்பாவைத் திறந்து பெயர்களை எழுதி வையுங்கள். மாத்திரையை நிறுத்தாதீர்கள். அதற்கான எச்சரிக்கையைக் கேட்டு வாங்கிவிட்டுப் போடுங்கள்.